இரண்டு பேருக்கான சாறு

டக்... டக்... டக்...

வாசல் கதவின் இரும்பு வளையத்தை யாரோ தட்டினார்கள். மூன்று தட்டல். அவசரமில்லாத தட்டல்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எதிரே இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். பேய் என்றால் இருட்டு வேண்டாமா, மழை வேண்டாமா என்கிறார்கள். நான் என்ன செய்ய? எனக்கு நடந்தது ஆகஸ்ட் மாதம், மதியம் இரண்டே கால் மணிக்கு. கண்ணைத் திறக்க முடியாத வெயில். நம்பாதவர்கள் என் அக்கா வீட்டுச் சமையலறைக்குப் போய்ப் பார்க்கலாம். அடுப்புக்கு முன்னால் தரை ஓடு ஒன்று உடைந்திருக்கும். அது உடைந்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

என் பெயர் எஜிதியோ. வடக்கே தூரின் நகரத்தில் லிஃப்ட் பழுது பார்க்கிறேன். பிறந்தது மொந்தெசோர்தோ. தெற்கே பசிலிக்காட்டா மலைகளில், பாறையின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும் ஊர். என் அக்கா ஜெரார்தா அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டாள். வருடம் தவறாமல் ஆகஸ்டில் அவள் வீட்டுக்குப் போய்விடுவேன்.

ஊர் இரண்டு துண்டாக இருக்கிறது. கீழே ஆள் நடமாட்டம் உள்ள ஊர். மேலே பழைய ஊர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு மழைக்காலத்தில் மலை சரிந்து பழைய ஊரில் பாதியை இழுத்துக்கொண்டு போனது. மிச்சம் நின்ற வீடுகளையும் காலி செய்யச் சொல்லிக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். எங்கள் குடும்பம் அப்போதுதான் கீழே இறங்கியது.

அத்தான் கானியோவுக்குக் காற்றாலை வேலை. எதிர் மலையின் உச்சியில் வரிசையாக நிற்கிற அந்த வெள்ளைக் கம்பங்களில் ஏறி, மேலே இருக்கும் எந்திரத்தைப் பழுது பார்ப்பார். அன்று காலை காபி குடிக்கும்போதுகூட வழக்கம்போல் என்னைச் சீண்டினார்.

"மச்சான், நீ பொட்டிக்குள்ள நின்னுக்கிட்டு பட்டனை அமுக்கி மேல போறவன். நான் கையும் காலுமா ஏறுறவன். நம்ம ரெண்டு பேர்ல யாருடா ஆம்பள?"

"ஏணியில ஏறுறதெல்லாம் ஒரு திறமையா அத்தான்? எங்க தெருவுல பூனை ஏறுது."

"பூனைக்கு நாப்பது வயசு ஆகட்டும். அப்புறம் ஏறச் சொல்லு."

அக்கா கோப்பைகளைப் பிடுங்கிக்கொண்டாள். "ரெண்டு பேரும் இடத்தக் காலி பண்ணுங்க. ஒருத்தன் வேலைக்குப் போ. இன்னொருத்தன் தக்காளி வாங்கிட்டு வா."

அவர்களுக்குக் குழந்தை இல்லை. பதினைந்து வருடமாக அவளுக்கு அவர், அவருக்கு அவள். அத்தான் திரும்பி வரும்வரை எதிர் மலையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேதான் அக்கா வீட்டு வேலை செய்வாள்.

மதியம் சாப்பிட்டதும் அக்கா பின்னறையில் படுத்தாள். ஊரே படுத்திருந்தது. எங்கள் பக்கம் அந்த இரண்டு மணி நேரம் யாரும் தெருவில் இறங்க மாட்டார்கள். அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டவே மாட்டார்கள். தட்டினால் அது மரியாதைக் குறைவு. நான் குளிர்ந்த தண்ணீர் தேடிச் சமையலறைக்கு வந்தேன். அப்போதுதான் அந்த மூன்று தட்டல்.

திறந்தேன்.

வாசலில் ஒரு வயதான பெண். தலையிலிருந்து இடுப்புவரை கறுப்புக் கம்பளிப் போர்வை. அந்த வெயிலில் கம்பளி. நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. இரண்டு கையிலும் ஒரு மண்பானை. வெள்ளைத் துணியில் வைத்து மூட்டையாகக் கட்டியிருந்தாள்.

"ஜெரார்தா வீடுதானே?"

"ஆமாம்மா. தூங்குறா. எழுப்பவா?"

"வேணாம். இப்பவே தூங்கிக்கட்டும்."

அப்போது அவள் கண் இமைகளைப் பார்த்தேன். இமை முடியெல்லாம் வெள்ளைத் தூசி. சுவரை இடிக்கும்போது பறக்குமே, அந்தச் சுண்ணாம்புத் தூசி. அவள் கண்ணைச் சிமிட்டினாள். தூசி உதிரவில்லை.

"வீட்ல எத்தனை பேரு?"

"மூணு பேரும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் இருந்த இருட்டைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்குத்தான் கொண்டு வந்திருக்கேன்."

"பரவாயில்லம்மா. அத்தானுக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்திக் கலந்து குடுத்துடுவோம்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பானையை நீட்டினாள்.

யாரிவள், எதற்கு இது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எங்கள் ஊரில் வாசலுக்கு வந்த சாப்பாட்டை எதற்கு என்று கேட்பதும், வந்தவரைக் கன்னத்தில் அறைவதும் ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்காரியாக இருப்பாள் என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். துணிக்கு வெளியே சூடு கையைச் சுட்டது.

பானையை மேசையில் வைத்துவிட்டு, நன்றி சொல்லத் திரும்பினேன்.

வாசலில் யாரும் இல்லை.

வெளியே எட்டிப் பார்த்தேன். அக்கா வீட்டுத் தெரு முழுக்கக் கல் படிக்கட்டு. மேலும் கீழும் நேர்க்கோடு. ஒரு கோழி ஓடி மறைவதற்குக்கூட அரை நிமிடம் ஆகும். வெயில் மட்டும் நின்றிருந்தது.

காலடிச் சத்தமும் கேட்கவில்லை.

உள்ளே வந்து முடிச்சை அவிழ்த்தேன். மூடியைத் திறந்தேன். கோழிச் சாறு. மேலே கொத்தமல்லி போல ஒரு தழை. அடியில் நட்சத்திர வடிவத்தில் சின்னச் சின்ன மாவுத் துணுக்குகள். நல்ல மணம். ஆகஸ்ட் மதியத்தில் கொதிக்கக் கொதிக்கக் கோழிச் சாறு யார் வைப்பார்கள் என்று ஒரு நொடி தோன்றியது. அந்த ஒரு நொடியோடு விட்டுவிட்டேன். சுவரில் தொங்கிய பெரிய இரும்புக் கரண்டியை எடுத்துப் பானைக்குள் விட்டேன். வாய்க்குக் கொண்டுபோனேன்.

"யாரு குடுத்தா?"

அக்கா. பின்னறை வாசலில். கலைந்த முடியோடு. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"தெரியலக்கா. ஒரு வயசானவங்க. கறுப்புப் போர்வை..."

அவள் எப்படி அவ்வளவு வேகமாக வந்தாள் என்று தெரியாது. என் கையில் ஓங்கி அடித்தாள்.

ணங்...

கரண்டி பறந்து தரையில் விழுந்தது. ஓடு உடைந்தது.

"குடிச்சியா?"

"இல்லக்கா."

"நாக்க நீட்டு."

"அக்கா, என்ன இது..."

"நீட்டுடா."

நாற்பதை நெருங்கிய நான் ஐந்து வயதுப் பையன்போல் நாக்கை நீட்டினேன். அவள் உற்றுப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். பிறகு மேசையில் கிடந்த துணியைப் பார்த்தாள். நான் அவிழ்த்த மூன்று முனைகளையும், அவிழ்க்காமல் உள்பக்கமாகச் செருகியிருந்த நான்காவது முனையையும் பார்த்தாள்.

அவள் முகம் ரத்தம் சுண்டி வெளுத்ததை நான் பார்த்தேன்.

"இப்படிக் கட்டுறது ஒருத்திதான். இன்னொசென்சா."

"யாரு அவ?"

"பழைய ஊர்ல நம்ம தெரு. துக்க வீட்டுக்கு மொத சாறு அவதான் கொண்டு போவா."

அது எனக்குத் தெரிந்த வழக்கம். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அக்கம்பக்கத்தார் முறை போட்டுக்கொண்டு சாப்பாடு கொண்டுவருவார்கள். கொன்சோலோ என்பார்கள். முதலில் வருவது எப்போதும் கோழிச் சாறுதான். துக்கத்தில் இருப்பவர்களுக்கு வேறெதுவும் தொண்டையில் இறங்காது.

"நம்ம வீட்ல யாரும் சாகலயேக்கா."

அக்கா பானையைத் தன் பக்கம் இழுத்து, மூடியைப் போட்டு மூடினாள்.

"அவ இப்ப எங்க இருக்கா?"

"மலை சரிஞ்சப்போ அவ வீட்டோட போயிட்டா. தோண்டி எடுத்தாங்க. சுண்ணாம்புல உருட்டி எடுத்த மாதிரி இருந்தா. நான் பாத்தேன்."

எனக்குக் கண் இமைகள் ஞாபகம் வந்தன.

"அதுக்கு அடுத்த வருஷம் நம்ம வீட்டுக்கு வந்தா," என்றாள் அக்கா. "இதே நேரம். அம்மாவுக்கு அப்போ காய்ச்சல். யாருன்னு சரியாப் பாக்கல. எத்தனை பேருன்னு கேட்டா. நாலு பேருன்னு அம்மா சொன்னா. மூணு பேருக்குத்தான் இருக்குன்னு குடுத்துட்டுப் போனா. நாம சாப்பிட்டோம். நீ, நான், அம்மா. உனக்கு ஊட்டி விட்டதே நான்தான்."

"அப்பா?"

"அன்னிக்குச் சாயங்காலம்தான் கூரையிலேர்ந்து விழுந்தாரு."

அப்பா கூரையிலிருந்து விழுந்து இறந்தார் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சாறு பற்றி யாரும் என்னிடம் சொன்னதில்லை.

"ரெண்டு பேருக்குன்னு சொன்னாளா?" அக்கா கேட்டாள். "நல்லா ஞாபகம் இருக்கா?"

"ம்."

"நீ இங்க நிக்கிற. நான் இங்க நிக்கிறேன்."

அக்கா தொலைபேசிக்கு ஓடினாள். அத்தான் எண்ணைச் சுழற்றினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மேலே ஏறும்போது போனைப் பைக்குள் போட்டுவிடுவார். எப்போது இறங்குவாரோ அப்போதுதான் பார்ப்பார்.

அவள் திரும்பிவந்து பானையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள்.

"இன்னும் சுடுது. ஆறுறதுக்குள்ள திருப்பிக் குடுத்துடணும். அப்படிக் குடுத்திருந்தா அப்பா பிழைச்சிருப்பாருன்னு சாகற வரைக்கும் அம்மா சொல்லிட்டே இருந்தா. எடு. பழைய ஊருக்குப் போலாம்."

எடுத்தேன். துணியை அவள் மறுபடி கட்டினாள். தெருவில் இறங்கினோம்.

அந்த வெயிலை எப்படிச் சொல்ல? கல் படிகள் செருப்பைத் தாண்டிச் சுட்டன. எல்லா வீட்டிலும் மரச் சன்னல்கள் சாத்தியிருந்தன. பல்லிகூட வெளியே இல்லை. நாங்கள் இருவரும், எங்கள் மூச்சும்.

நான்கு வீடு தாண்டியதும் ஒரு சன்னலின் சட்டம் லேசாக விலகியது.

"ஜெரார்தா... அது யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. படுங்க சின்னம்மா."

"கானியோவுக்கா?"

"படுங்கன்னு சொல்றேன்ல."

சட்டம் படாரென்று மூடியது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம். கட்டிய பானையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் நடந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அடுத்த வீட்டுச் சன்னலில் ஒரு கை மட்டும் தெரிந்தது. சிலுவை போட்டுக்கொண்டு மறைந்தது. அதற்கடுத்த வீட்டில் உள்ளேயிருந்து ஒரு குரல்.

"நிக்காத ஜெரார்தா. எங்க வாசல்ல நிக்காத. நடந்துக்கிட்டே இரு."

அக்கா நிமிர்ந்தே பார்க்கவில்லை.

தெரு திரும்பும் இடத்தில் ஒரே ஒரு கதவு திறந்திருந்தது. ஈ வராமலிருக்க மணிச்சரம் தொங்கவிட்ட வாசல். அதற்கு முன்னால் நாற்காலி போட்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு சவேரியோ உட்கார்ந்திருந்தார். மீன் வண்டி ஓட்டி ஓய்ந்த மனிதர். கடலோர ஊரிலிருந்து வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னமும் ஊரில் அவர்களைக் கடல்காரங்க என்றுதான் சொல்வார்கள். எங்கள் ஊர் வழக்கங்கள் எதுவும் அவருக்குப் பிடிபட்டதில்லை. மதியத் தூக்கம் உட்பட.

"இந்த வெயில்ல நாயும் தூரின்காரனும்தான் நடப்பாங்க," என்றார். "நீ எப்போ நாயான ஜெரார்தா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி பிலிப்பாவின் குரல். "போறவங்கள ஏன்யா வம்புக்கு இழுக்கிற? காலத் தொடைச்சிட்டு வந்து படு. உன் சத்தத்துல எங்கக்கா புரண்டு புரண்டு படுக்குறா."

"உங்கக்கா என்னிக்குத் தூங்கியிருக்கா? பாரு எஜிதியோ, ரெண்டு பொம்பளைங்க, நான் ஒருத்தன். போப்பாண்டவருக்கு எழுதிப் போட்டிருக்கேன், எனக்குப் புனிதர் பட்டம் குடுங்கன்னு."

எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. ஆனால் நின்றாள். வழியில் எங்கேயும் நிற்காதவள் அங்கே நின்றாள். ஒரு மூச்சு நேரம்தான். பிறகு, "வரேன் மாமா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அப்போதுதான் கவனித்தேன்.

பானை முன்போல் சுடவில்லை.

"அக்கா... ஆறுது."

தலைக்கு மேல் சூரியன் கொதிக்கிறது. என் கழுத்தில் வியர்வை ஆறாக ஓடுகிறது. கையிலிருக்கும் பானை மட்டும் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் நொடிக்கு நொடி குளிர்கிறது.

"ஓடு," என்றாள்.

ஓடினோம். தெருமுனைக் குழாயடியில் வழி இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் கோயில் திடல். வலப்பக்கம் பழைய ஊர். செங்குத்தான ஏற்றம். மேலே கம்பி வேலி தெரிந்தது. அதற்கப்பால் கூரையில்லாத சுவர்கள்.

அக்கா என் கையிலிருந்து பானையை வாங்கிக்கொண்டாள்.

"நீ திடலுக்குப் போ. அங்கதான் உன் போன் எடுக்கும். அவரைக் கூப்பிட்டுக்கிட்டே இரு. நிறுத்தாத."

"நீ தனியா மேல போகாதக்கா. நானும் வரேன்."

"ஆம்பள வந்தா அவ வீட்டுக் கதவு திறக்காது. போடா."

போனேன். ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். குழாயடியில் பானையை அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் போகட்டும் என்று காத்திருப்பதுபோல்.

கோயில் திடலின் மதில் ஓரத்திலிருந்து பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். எதிர் மலை உச்சியில் காற்றாலைகள். எல்லாம் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் நின்றிருந்தது. மூன்று இறக்கைகளும் அசையாமல்.

அங்கேதான் அத்தான்.

போன் போட்டேன். மணி போனது. எடுக்கவில்லை.

மறுபடி.

எடுக்கவில்லை.

மறுபடி.

வியர்வையில் போன் வழுக்கியது. சட்டையில் துடைத்தேன். வெயில் கூச, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த நின்ற காற்றாலையையே பார்த்தேன். உச்சியில் இருக்கும் எந்திரப் பெட்டியின் பக்கத்தில் ஒரு புள்ளி தெரிவதுபோல் இருந்தது. ஆளா, நிழலா தெரியவில்லை.

மணி போகிறது...

போகிறது...

அப்போது அந்த இறக்கை அசைந்தது.

பழுது பார்க்கும்போது விசிறியைக் கம்பி போட்டுப் பூட்டிவிடுவார்கள் என்று அத்தான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். பூட்டியது அசையாது. அசைந்தால் உள்ளே கையோ தலையோ விட்டிருப்பவன் கதி...

மெதுவாக. மிக மெதுவாக. கீழிருந்த இறக்கை பக்கவாட்டுக்கு வந்தது.

மேலே ஏறியது.

"அத்தான்..."

கத்தினேன். பள்ளத்தாக்கு முழுக்க என் குரல் போனது.

இறக்கை நின்றது.

மணி போவதும் நின்றது.

சத்தமே இல்லை.

பிறகு என் போன் அலறியது. கீழே போட இருந்தேன்.

"மச்சான்." அத்தான் குரல்தான். மூச்சு வாங்கியது. "நீயா கூப்பிட்டுட்டே இருந்த?"

"அத்தான், கீழ இறங்குங்க."

"இறங்கத்தான் போறேன். கொஞ்சம் இரு... பூட்டு விட்டுடுச்சுடா. நான் உள்ள பாதி உடம்ப விட்டிருந்தேன். யாரோ என் சட்டையப் பிடிச்சுப் பின்னால இழுத்தாங்க."

"கூட வந்தவரா?"

"அவன் கீழ வண்டியில இருக்கான். மேல நான் ஒருத்தன்தான்டா இருக்கேன்."

அழுகை வந்துவிட்டது எனக்கு. மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அக்காவிடம் சொல்ல ஓடினேன்.

அவள் குழாயடியில்தான் இருந்தாள். பானை இல்லை. இரண்டு கையையும் தண்ணீரில் நீட்டிக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, அத்தான் பேசிட்டாரு. நல்லா இருக்காரு. இறங்கிட்டு இருக்காரு."

அவள் கண்ணை மூடினாள். உதடு மட்டும் அசைந்தது.

"குடுத்துட்டியா?"

"ம்."

"வாங்கிக்கிட்டாளா?"

"வாங்கிக்கிட்டாங்க."

"அவ ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் கேக்காத. நட."

பழைய ஊர் ஏற்றத்தில் கணுக்கால் புதைய வெள்ளைப் புழுதி கிடக்கும். அக்காவின் கறுப்புச் செருப்பில் ஒரு துளி புழுதி இல்லை. பார்த்தேன். அதைப் பற்றி யோசிக்கும் நிலையில் நான் இல்லை. அத்தான் உயிரோடு இருக்கிறார். அதற்குமேல் என்ன வேண்டும்? வந்த வழியே திரும்பாமல், கோயிலுக்குப் பின்புறச் சந்து வழியாக என்னைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நிழலுக்காக என்று நினைத்தேன்.

அத்தான் ஐந்து மணிக்கு வந்தார். வாசலிலேயே அக்கா அவரைக் கட்டிக்கொண்டாள். விடவே இல்லை.

"என்னடி, மச்சான் பாக்குறான்," என்றார் அவர். குரலில் வழக்கமான விளையாட்டு இல்லை.

அவர் முதுகுப்புறம் எனக்குத் தெரிந்தது. நீலச் சட்டை. காலருக்குக் கீழே வெள்ளையாக ஒரு கறை. சுண்ணாம்பு. நீளநீளமாக, ஐந்து கோடு.

அக்காவும் பார்த்தாள். சட்டையைக் கழற்றச் சொல்லி, அடுப்பில் போட்டு எரித்தாள்.

ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தது.

விட்டு விட்டு. சாவு மணி.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தான் வெளியே போய் விசாரித்துவிட்டு வந்தார்.

"சவேரியோ," என்றார். "கடல்காரர். மதியம் படுத்தவர் எழுந்திரிக்கலையாம். மாரடைப்பா இருக்கும்னு டாக்டர் சொல்றாராம்."

காலைத் தொட்டியில் விட்டுக்கொண்டு அவர் சிரித்த முகம் என் கண் முன்னால் வந்தது. அக்காவைப் பார்த்தேன். அவள் எழுந்து கொல்லைக்குப் போனாள். ஒரு கோழி ஒரே ஒரு முறை கத்தியது.

இரவு எட்டு மணிக்கு அவள் சாறு பானையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக அந்த வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். பிலிப்பாவும் அவள் அக்காவும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பானையை வைத்தாள். குனிந்து பிலிப்பாவின் கையில் முத்தமிட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னோம்.

"அவ வீடு மாறி வந்துட்டா," என்றாள் அக்கா. "அவ்வளவுதான். அந்த வீட்லயும் மூணு பேரு. அங்க போக வேண்டியவ இங்க வந்துட்டா."

"செத்தவளுக்கும் கண்ணாடி வாங்கிக் குடுக்கணும் போல," என்றார் அத்தான்.

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அந்த விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. அதில் எல்லாம் பொருந்தியது. வீடு மாறி வந்தது. திருப்பிக் கொடுத்தோம். சரியான வீட்டுக்குப் போய்விட்டது. யார்மேலும் தப்பில்லை. தூரினுக்குத் திரும்பிய பிறகும் கெட்ட கனவு வரும்போதெல்லாம் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஆகஸ்டில் மறுபடி போனேன். அக்கா இளைத்திருந்தாள். மதியம் படுப்பதை விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, வேலை இருக்கிறது என்றாள். என்ன வேலை என்று எனக்குத் தெரியவில்லை. சமையலறை நாற்காலியில் வாசல் கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை, மணிச்சரம் தொங்கும் அந்த வீட்டைத் தாண்டிப் போனேன். பிலிப்பா வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். கறுப்பு உடை. என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியைத் தட்டினாள். உட்கார்ந்தேன்.

"அக்கா எப்படி இருக்கா? இந்தப் பக்கம் வர்றதே இல்ல."

"வேலை அதிகம் போல இருக்கும்மா."

"வரச் சொல்லு தம்பி. அவள மாதிரி மனசு யாருக்கு வரும்? இந்த ஊர்ல நாங்க வந்து இத்தனை வருஷத்துல எங்க வீட்டு வாசல்ல ஒரு பிடி உப்பு கொண்டு வந்து வெச்சவங்க இல்ல. அவதான் சாறு கொண்டு வந்தா."

"தெரியும்மா. நானும் கூட வந்தேனே. எட்டு மணி இருக்கும்."

"அது ராத்திரி." ஒரு மொச்சையை நசுக்கிப் பிதுக்கினாள். "நான் அதச் சொல்லல."

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"பின்ன?"

அவள் தலையை நிமிர்த்தவில்லை. விரல்கள் உரித்துக்கொண்டே இருந்தன.

"அன்னிக்கு மதியம் நீங்க ரெண்டு பேரும் மேல போனீங்களே, கொஞ்ச நேரத்துல அவ மட்டும் ஓடி வந்தா. 'ஆறிடும், சீக்கிரம் வாங்கிக்குங்க'ன்னு நீட்டினா. நான் பானையைக் கையில வாங்கும்போது, அவரு உள்ள தலையணையத் தட்டிப் போட்டுக்கிட்டே, 'எழுந்து குடிக்கிறேன், எனக்கும் கொஞ்சம் வை பிலிப்பா'ன்னு சொல்லிட்டு இருந்தாரு."